லெ ஷாம்போன்: ஒரு பிரெஞ்சுச் சிற்றூரின் நிலமும் சரித்திரமும்

தோற்றுவாய்

பிரான்சு தேசத்தின் சரித்திரம் என்றவுடன் பாரிசு மாநகரமும், வெர்சேய் அரண்மனையும், நெப்போலியன் பொருத களங்களுமே நம் நினைவிற்கு வருகின்றன. அத்தேசத்தின் தென்பாகத்து மலைநிலங்களிற் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களை நினைப்பார் சிலரே. தலைநகரங்கள் சட்டங்களைப் பிறப்பிக்கின்றன. அச்சட்டங்களுக்கு மக்கள் மனம் என்ன விடை கூறிற்று என்பதை அறிய விரும்புவோர் சிற்றூர்களை நோக்குதல் வேண்டும். அங்ஙனம் நோக்கத்தக்க ஊர்களுள் ஒன்று லெ ஷாம்போன். அதன் முழுப்பெயர் லெ ஷாம்போன்-சூர்-லிஞோன் என்பது. லிஞோன் ஆற்றின்மேல் அமைந்த ஷாம்போன் என்பது அதன் பொருள். சுமார் இரண்டாயிரத்து ஐந்நூறு மக்கள் வாழும் இவ்வூர் யாதோர் அரசனுக்கும் இருக்கையாகவில்லை. பெரும்போர் எதற்கும் களமாகவில்லை. ஆயினும் 1940 முதல் 1944 வரையுள்ள நான்கு ஆண்டுகளில் இவ்வூரார் செய்த செயல் ஒன்று உலகத்தார் நெஞ்சில் நிலைத்துள்ளது. அச்செயல் யாது, அதற்கு நிலம் தந்த துணை எத்துணை, பழஞ்சரித்திரம் தந்த துணை எத்துணை, மனிதர் தாமே தந்தது எத்துணை என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலத்தின் கிடக்கை

பிரான்சின் நடுவே, தெற்கு நோக்கிச் சரிந்து கிடக்கும் பழமையான மலைத்தொகுதி ஒன்று உண்டு. அதன் கிழக்கு ஓரத்தில், ஓத்-லுவார் மாவட்டமும் ஆர்தேஷ் மாவட்டமும் தம்முட் கூடும் எல்லையில் ஒரு மேட்டுநிலம் பரந்துள்ளது. கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரமுள்ள அம்மேட்டுநிலத்தின்மேல் அமைந்ததே நம் சிற்றூர். தெற்கே 1,753 மீட்டர் உயரமுள்ள மெசாங்க் மலை தோன்றும். அம்மலைப் பக்கத்தே பிறக்கும் லிஞோன் ஆறு ஊரை அடுத்து ஓடி, வடக்கு நோக்கிச் சென்று, லுவார்ப் பேராற்றிற் கலக்கின்றது. அப்பேராறு பிறக்குமிடமாகிய ஜெர்பியே மலையும் இம்மேட்டுநிலத்தை அடுத்ததே. ஆங்குப் பிறந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நடந்து அத்லாந்திக் கடலை அடைகின்றது லுவார். கிழக்கே சிறிது தொலைவு சென்றால் நீரெல்லாம் மறுபுறஞ் சரிந்து ரோன் ஆற்றின் வழியாகத் தென்கடலாகிய மத்தியதரைக் கடலை நோக்கும். எனவே இஃது இருகடல்களுக்கு நீர் பகுத்தளிக்கும் வரம்பின் அருகே கிடக்கும் நிலம் என்க.

ஊர்ப்பெயரும் இந்நிலத்தின் இயல்பையே உணர்த்துகின்றது. வளைவு எனப் பொருள்படும் பழைய கால் மொழிச் சொல்லினின்றும் 'ஷாம்போன்' என்னும் பெயர் தோன்றியதென மொழிநூலார் கூறுவர். ஆறு வளைந்து செல்லுமிடத்தில் வண்டல் தங்கிய நல்வயல் அதனாற் குறிக்கப்பட்டது. ஆறு பற்றியும் வயல் பற்றியும் ஊர்க்குப் பெயரிடுதல் எந்நாட்டு மக்களுக்கும் பொதுவாகிய வழக்கமன்றோ?

கருங்கல்லும், பண்டை எரிமலைகள் கக்கிய கற்குழம்பு இறுகிய பாறையும் இந்நிலத்திற்கு அடித்தளமாகும். மண்வளம் குறைவு. கம்பரிசி என்னும் புல்லரிசியும் உருளைக்கிழங்கும் பண்டுதொட்டு உழவர்க்கு உணவு. பசு, வெள்ளாடு முதலியவற்றின் பால் அவர்க்குச் செல்வம். வேனிற்காலத்துக் காட்டுப் பழங்களும், மழைக்குப்பின் தோன்றும் காளானும் சிறுவருக்கு வருவாய் தந்தன. வீடுகள் திண்ணிய கருங்கற் சுவரின. தடித்த பலகைக் கல்லாற் கூரை வேய்ந்தன. மனிதரும் கால்நடையும் ஒரே கூரையின்கீழ் அடுத்தடுத்து வாழும்படி கட்டப்பெற்றன. நம் இலக்கண நூலார் காட்டும் திணைப் பாகுபாட்டைக் கொண்டு நோக்கின் இதனைக் குறிஞ்சியும் முல்லையும் மயங்கிய நிலம் எனலாம்; ஆனால் நம் குறிஞ்சியும் முல்லையும் அறியாத பொருள் ஒன்று ஆங்குண்டு. அதுவே நீண்ட பனிக்காலம். அக்காலத்தில் வடக்கினின்று வீசும் கடுங்காற்றை அந்நாட்டார் 'பூர்ல்' என்று வழங்குவர். தரையில் விழுந்த பனியை அக்காற்று வாரியெடுத்து வழிகளின்மேல் மலைபோற் குவித்துவிடும். அந்நாட்களில் ஒரு பண்ணைவீட்டிற்கும் அடுத்த பண்ணைவீட்டிற்கும் இடையே நடத்தலும் அரிதாம்.

பண்ணைவீடுகள் ஊரினுள் நெருங்கியிராமல் காடுகளுக்கிடையே தனித்தனியாகச் சிதறியிருத்தலை நாம் ஈண்டு நினைவிற் கொள்ளுதல் வேண்டும். வழிதவறி வந்த ஒருவனைப் பனிக்காற்றிற் கதவடைத்து வெளியே நிறுத்துதல் அவனைக் கொல்லுதலோடு ஒக்கும். ஆதலின் கதவைத் தட்டினவனுக்குத் திறத்தல் இந்நிலத்து மக்களுக்கு நீண்டநாட் பழக்கமாயிற்று.

வனாந்தரக் காலம்

பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவெங்கும் பரவிய சமயச் சீர்திருத்தம் இம்மேட்டுநிலத்தையும் எட்டியது. பிரான்சு தேசத்தில் கத்தோலிக்கரே பெரும்பான்மையோராக, இங்குள்ள மக்களிற் பெரும்பாலோர் கால்வின் வழிப்பட்ட சீர்திருத்த சபையைத் தழுவினர். நாட்டில் 1562ஆம் ஆண்டு முதலாக மூண்ட உள்நாட்டுச் சமயப் போர்கள், 1598ஆம் ஆண்டில் நான்காம் ஹென்றி மன்னன் பிறப்பித்த நாந்த் நகர ஆணையால் ஒருவாறு ஓய்ந்தன. அவ்வாணை சீர்திருத்த சபையார்க்கு வழிபாட்டுரிமையை நல்கிற்று. ஆனால் 1685ஆம் ஆண்டில் பதினான்காம் லூயி மன்னன் அவ்வாணையை நீக்கிவிட்டான். ஆலயங்கள் இடிக்கப்பட்டன, போதகர்கள் நாட்டைவிட்டு அகலும்படி கட்டளையிடப்பட்டனர், மக்களோ நாட்டைவிட்டு அகலவுங் கூடாதெனத் தடுக்கப்பட்டனர்.

அதன்பின் ஒரு நூற்றாண்டுக் காலம் இம்மக்கள் குகைகளிலும் காடுகளிலும் மலைச்சரிவுகளிலும் மறைந்து கூடிக் கடவுளை வழிபட்டனர். இஸ்ரவேலர் வனாந்தரத்தில் அலைந்ததை நினைந்து அக்காலத்திற்கு 'வனாந்தரக் காலம்' என்றே பெயரிட்டனர். பிடிபட்ட ஆடவர் அரசனது மரக்கலங்களில் துடுப்பு வலிக்கும் அடிமைகளாயினர், பெண்டிர் சிறைப்பட்டனர். அண்டையிலுள்ள விவாரே நாட்டிற் பிறந்த மரி துய்ரான் என்னும் மங்கை 1730ஆம் ஆண்டில், சுமார் பத்தொன்பது வயதில், எக்மோர்த் நகரத்துக் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டாள். தன் சமயத்தைக் கைவிடுவதாக ஒரு சொற் கூறியிருப்பின் விடுதலை பெற்றிருக்கலாம். அவள் அச்சொல்லைக் கூறவில்லை. 1768ஆம் ஆண்டில், முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின்னரே வெளிவந்தாள். 'எதிர்த்து நில்' என்னும் பொருளுடைய ஒரு சொல் அச்சிறையின் கல்லிற் பொறிக்கப்பட்டு இன்றுங் காணப்படுகின்றது. அதனைப் பொறித்தவள் அவளே என்பது வழிவழி வந்த செய்தி.

சீர்திருத்த சபையாரைப் பொறுத்துக்கொள்ளும் ஆணை 1787ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஈராண்டில் மூண்ட பெரும்புரட்சி முழுவுரிமையையும் வழங்கிற்று. ஆயினும் பாட்டனும் பாட்டியும் அடுப்பங்கரையிற் சொல்லிய கதைகள் அழியவில்லை. அரசாணை ஒன்று வந்துவிட்டமையால் மட்டும் அஃது அறமாகிவிடாது என்பதையும், ஒளிந்து வாழ்தல் எத்தகையது என்பதையும், காட்டிக்கொடுத்தல் எத்துணை இழிந்தது என்பதையும் இவ்வூர்க் குழந்தைகள் நூல்களிற் படித்தறிய வேண்டியதில்லை. அவர்தம் குடும்பப் பழங்கதையே அதுவாயிருந்தது.

மலைக்கு வந்த குழந்தைகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில், மேட்டுநிலத்திற்கு வடக்கேயுள்ள சேந்த் எத்தியேன் நகரம் நிலக்கரிச் சுரங்கங்களாலும் இரும்புத் தொழிலாலும் பெருகியது. அந்நகரின் புகையில் வளர்ந்த தொழிலாளர் குழந்தைகள் நோயால் மெலிவதைக் கண்டு வருந்திய லூயி கோந்த் என்னும் போதகர், 1893ஆம் ஆண்டில் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார். வேனிற்காலத்தில் அக்குழந்தைகள் மலைக்கு அனுப்பப்பட்டு, உழவர் வீடுகளிற் தங்கி, நற்காற்றும் நற்பாலும் பெற்றுத் திரும்பினர். பின்பு 1902ஆம் ஆண்டில் குறுகிய பாதையில் ஓடும் சிறு புகைவண்டி ஊரை வந்தடைந்தது. அது வந்தபின் கோடைவாசத்திற்கு வருவோர் தொகை பெருகிற்று. தங்கும் விடுதிகளும் குழந்தை இல்லங்களும் தோன்றின.

பொருளியல் நோக்கில் இது சிறு செய்தி. ஆயினும் பின்நிகழ்ச்சிகளுக்கு இதுவே வழிகோலிற்று. முகமறியாத குழந்தை ஒன்று வண்டியினின்றும் இறங்கி வர, அதற்கு ஒரு கட்டிலும் ஒரு கிண்ணம் பாலும் தருதல் இவ்வூர்ப் பெண்டிர்க்கு அரைநூற்றாண்டுப் பழக்கமாயிருந்தது. மேலும், வேனில் கழிந்தபின் வெறிதே கிடக்கும் அறைகள் பல இவ்வூரில் இருந்தன. சிறு வண்டிப்பாதையில் 1968ஆம் ஆண்டிற் பொதுப் போக்குவரவு நிறுத்தப்பட்டது. இப்பொழுது அப்பாதையின் ஒரு பகுதியில் உல்லாசப் பயணத்தார்க்காக மட்டும் வண்டி ஓடுகின்றது.

போதகரும் கல்விச்சாலையும்

ஆந்திரே த்ரொக்மே என்னும் போதகர் 1934ஆம் ஆண்டில் இவ்வூர்ச் சபைக்கு வந்தார். அவர் 1901ஆம் ஆண்டிற் பிறந்தவர். முதல் உலகப் போரின் கொடுமையைச் சிறுவயதிற் கண்ணாரக் கண்டவர். எந்நிலையிலும் கொலைக்கருவி ஏந்தலாகாது என்னும் கொள்கையினர். அவர்தம் மனைவியார் மாக்தா இத்தாலி தேசத்தவர். பேச்சினும் செயலே பெரிதென்று கருதியவர். த்ரொக்மேயும், அவர்தம் நண்பராகிய போதகர் எதுவார் தெயிசும் 1938ஆம் ஆண்டில் ஓர் உயர்நிலைக் கல்விச்சாலையைத் தொடங்கினர். ஆணும் பெண்ணும் ஒருங்கு பயிலவும், அமைதி வாழ்வின் அருமையை உணரவும் அமைந்தது அது. முதலிற் சில மாணவரோடு தொடங்கிய அச்சாலை, நாடுகடந்து வந்த ஆசிரியர்களும் மாணவர்களும் புகவே விரைவில் வளர்ந்தது. வேலையிழந்த யூத அறிஞர் அங்கே ஆசிரியராயினர். கணித நூற்புலமையிற் பின்னாளில் உலகப்புகழ் பெற்ற அலெக்சாந்தர் குரோதெந்தீக் அங்குப் பயின்ற அகதிச் சிறுவருள் ஒருவர். அக்கல்விச்சாலை 2014ஆம் ஆண்டில் மூடப்பட்டுவிட்டது என்பதைக் கல்லூரி மாணவராகிய நாம் வருத்தத்தோடு குறிக்கின்றோம்.

அடைக்கலம்

பிரான்சு 1940ஆம் ஆண்டு ஜூன் மாதம் 22ஆம் நாள் ஜெர்மனியோடு உடன்படிக்கை செய்து படைக்கலம் கீழே வைத்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தம் ஆலயத்தில் த்ரொக்மேயும் தெயிசும் சபையாரை நோக்கி, நற்செய்திக்கு மாறான கட்டளை வருமாயின் பகைமையில்லாமலும் அஞ்சாமலும் ஆவிக்குரிய படைக்கலங்களைக் கொண்டு எதிர்த்து நிற்றல் கடமை என்று அறிவுறுத்தினர். அவ்வாலயத்தின் வாயில்மேல், ஒருவரையொருவர் நேசிக்கவேண்டும் என்னும் கிறிஸ்துநாதரின் கட்டளை கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளது.

தென்பிரான்சில் மார்ஷல் பெத்தேனைத் தலைவராகக் கொண்ட விஷி அரசு அவ்வாண்டு அக்டோபர் 3ஆம் நாள் யூதரின் உரிமைகளைப் பறிக்கும் சட்டத்தை இயற்றியது. அயல்நாட்டு யூதர் முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டனர். மார்சேய் நகரத்தில் த்ரொக்மே குவேக்கர் சங்கத் தொண்டர்களைச் சந்தித்து, அம்முகாம்களிற் பணிசெய்ய விரும்புவதாகத் தெரிவித்தார். முகாமினின்றும் சில குழந்தைகளை மீட்டல் கூடும். ஆனால் அவர்களை ஏற்பதற்கு ஓர் ஊர் வேண்டும் என்றனர் அவர்கள். அவ்வூர் லெ ஷாம்போன் ஆயிற்று. குவேக்கர், சுவிட்சர்லாந்து நாட்டுக் குழந்தையுதவிச் சங்கத்தார், பிரெஞ்சுப் புராட்டஸ்டாண்டுத் தொண்டர் குழுவாகிய சிமாத் முதலியோர் பொருளுதவி செய்ய, இல்லங்கள் பல ஊரைச் சுற்றித் தோன்றின. எஞ்சியோர் விடுதிகளிலும் பண்ணைவீடுகளிலும் தங்கினர்.

ஊர்மக்களின் துணிவை உணர்த்தும் சிறு நிகழ்ச்சி ஒன்று. 1941ஆம் ஆண்டுக் கோடையில், மார்ஷலைப் போற்றும் விழாவிற்காக ஆலய மணியை அடிக்கவேண்டுமென ஆணை வந்தது. மணியடிக்கும் எளிய பெண்மணி ஒருத்தி, மணி கடவுளுடையது, மார்ஷலுடையதன்று என்று கூறி மறுத்துவிட்டாள். அவள் யாதொரு நூலையும் எழுதியவளல்லள்; எக்கழகத்திலும் பேசியவளல்லள்.

1942ஆம் ஆண்டு ஜூலை 16, 17ஆம் நாட்களிற் பாரிசு நகரத்தில் பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்ட யூதர், குழந்தைகளோடு, பிரெஞ்சுக் காவலராலேயே பிடிக்கப்பட்டு மிதிவண்டிப் பந்தய அரங்கு முதலிய இடங்களில் அடைக்கப்பட்டனர். அடுத்த மாதம் 10ஆம் நாள், விஷி அரசின் இளைஞர் துறைத் தலைவர் ஜார்ஜ் லாமிரான் என்பார் லெ ஷாம்போனுக்கு வருகை தந்தார். பெரிய வரவேற்பை எதிர்பார்த்து வந்த அவர்முன் கல்விச்சாலை மாணவர் சிலர் வந்து ஒரு கடிதத்தை நீட்டினர். பாரிசில் நிகழ்ந்ததைத் தாம் அறிந்திருப்பதாகவும், தம் பள்ளித் தோழருள் யூதர் உண்டு என்றும், தாம் யூதர் பிறர் என வேற்றுமை பாராட்டுவதில்லை என்றும், அத்தோழரைப் பிடிக்க ஆணை வருமாயின் அதற்குக் கீழ்ப்படியாது அவரை மறைத்துக் காப்போம் என்றும் அதில் எழுதியிருந்தனர். அதனை எழுதியோர் நம்மை ஒத்த வயதினர். அதிகாரியின் கையிலே, பட்டப்பகலிலே, தம் பெயர் அறியப்படும் நிலையிலே அதனைக் கொடுத்தனர். நாம் பேச்சுப்போட்டிகளில் வீரம் பேசுவதையும் இதனையும் ஒப்பிட்டு நோக்கினால் நம் உள்ளம் சிறிது நாணாதிராது.

அம்மாத இறுதியிலேயே காவலர் பேருந்து வண்டிகளோடு வந்தனர். யூதர் பெயர்ப் பட்டியலைத் தருமாறு த்ரொக்மேயைக் கேட்டனர், அவர் மறுத்தார். ஆடு மேய்ப்பவனுக்கு மந்தையைக் காட்டிக்கொடுக்கும் உரிமை ஏது? வந்தோர் பல நாட்கள் ஊரில் தங்கி வீடுதோறுஞ் சோதித்தனர். அதற்குள் அகதிகள் காடுகளிலும் எட்டாக்கையிலுள்ள பண்ணைகளிலும் மறைந்துவிட்டனர். முன்னோர் மறைந்து வழிபட்ட அதே காடுகள் பேரர் காலத்தில் வேற்றினத்துக் குழந்தைகளுக்குக் காவலாயின. அவ்வண்டிகள் ஏறக்குறைய வெறுமையாகவே திரும்பின. பின்னர் அகதிகள் பலர், சிமாத் தொண்டர்களின் துணையால், மலைகளைக் கடந்து சுவிட்சர்லாந்து சேர்க்கப்பட்டனர்.

போலிச் சீட்டுகளும் வாய்மையும்

மறைந்து வாழ்வோர்க்கு உணவுப் பங்கீட்டுச் சீட்டும் அடையாளச் சீட்டும் இன்றியமையாதன. ஒஸ்கார் ரொசோவ்ஸ்கி என்னும் யூத இளைஞர், இருபது வயதளவினர், மருத்துவக் கல்வி பயில விரும்பியும் யூதர் சட்டத்தால் அது கிட்டாதவர். தட்டெழுத்துப் பொறி செப்பனிடும் தொழிலைக் கற்றிருந்த அவர், இவ்வூரில் ஒரு பண்ணைவீட்டிற் தங்கி, போலி முத்திரைகளும் போலிச் சீட்டுகளும் செய்து பல நூற்றுவர் உயிரைக் காத்தார். செய்த சீட்டுகளைத் தேனீப் பெட்டிகளிற் பதுக்கி வைத்தனர். போர் முடிந்தபின் அவர் மருத்துவரே ஆயினார்.

ஈண்டு ஒரு கடா எழுகின்றது: உண்மை பேசுவதையே தொழிலாகக் கொண்ட போதகரும் மெய்யன்பரும் பொய்ச் சீட்டுகளுக்கு உடன்படலாமோ? அவர்தாமும் இவ்வையத்தால் வருந்தாமலில்லை. பின்னர்த் தம் பெயரை மறைத்து வாழநேர்ந்தபோது, நேர்முகமாக வினவப்பட்டால் தம் உண்மைப் பெயரையே கூறிவிடுவது என்று த்ரொக்மே தமக்குட் துணிந்தார் என்பர். தமக்கென ஒரு பொய்யும், பிறருயிர் காக்க ஒரு பொய்யும் அவர்க்கு ஒரே நிறையினவாகத் தோன்றவில்லை. வாய்மை என்னும் அதிகாரத்தில் தீமை பயவாமையையே வாய்மைக்கு இலக்கணமாக வகுத்த திருவள்ளுவரின் உள்ளக்கிடை, அவர் பெயரையும் கேட்டிராத இவ்வுழவர்க்குச் செயலால் விளங்கிற்று என்று நாம் கருதுகின்றோம்.

இழப்புகள்

1943ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் மாலை, த்ரொக்மே, தெயிஸ், ஊர்ப் பொதுப்பள்ளித் தலைமையாசிரியர் ரோஜே தார்சிசாக் ஆகிய மூவரும் சிறைப்பட்டனர். த்ரொக்மேயைப் பிடிக்க வந்த காவலரை மாக்தா அம்மையார் தம் மேசையில் அமரச்செய்து உணவு படைத்தார் எனக் கேட்கும்போது நமக்கு வியப்புண்டாகின்றது. உணவுவேளை ஆயிற்று, அவர்களும் பசித்திருந்தனர், அவ்வளவே என்பது அவ்வம்மையார் கருத்து. ஊரார் மெழுகுவத்தியும் உண்பொருளும் கொணர்ந்து தந்து, ஞானகீதம் பாடி அம்மூவரையும் வழியனுப்பினர். சில வாரங்களுக்குப் பின் அவர்கள் விடுவிக்கப்பட்டனர்.

அவ்வாண்டு ஜூன் 29ஆம் நாட் காலையில் நேர்ந்ததோ பெருந்துயர். ஜெர்மானிய இரகசியக் காவலர், 'ரோஷ்' என்னும் மாணவர் இல்லத்தைச் சூழ்ந்து பதினெண்மரைப் பிடித்தனர். அவ்வில்லத் தலைவர், த்ரொக்மேயின் உறவினராகிய தனியேல் என்னும் இளம் ஆசிரியர். அவ்வமயம் அவர் வேறோர் இல்லத்திலிருந்தார். காட்டு வழியே தப்பிச் செல்ல இடமும் இருந்தது. தம்மிடம் ஒப்புவிக்கப்பட்ட மாணவரை விட்டு நீங்க மனமின்றி அவர் தாமே அவர்களோடு சேர்ந்துகொண்டார். மாணவருட் சிலர் மீளவேயில்லை. தனியேல் 1944ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், போலந்து நாட்டு மைதானெக் முகாமில் உயிர்நீத்தார்.

அன்று பிடிபட்டோருள் ஸ்பெயின் தேசத்து இளைஞன் ஒருவன் இருந்தான். அவன் சிலநாட்களுக்கு முன் லிஞோன் ஆற்றில் மூழ்கவிருந்த ஜெர்மானியப் போர்வீரன் ஒருவனைக் காப்பாற்றியவன். மாக்தா அம்மையார் மிதிவண்டியில் விரைந்து, ஊர் விடுதியில் நோய் தீரத் தங்கியிருந்த ஜெர்மானிய வீரர்களிடம் சென்று, அதனைச் சான்றுகூற அழைத்தார். அவர்களும் வந்து உண்மை உரைத்தனர், இளைஞன் விடுதலையானான். பகைவனென்று பாராது ஒருவனை ஆற்றினின்றும் எடுத்த கையே அவனை மரணத்தினின்றும் எடுத்தது.

ஊர் மருத்துவர் ரோஜே லெ ஃபொரெஸ்தியே என்பாரும் உயிரிழந்தோருள் ஒருவர். ஆப்பிரிக்காவில் ஆல்பர்ட் சுவைட்சரோடு சிலகாலம் பணிசெய்தவர் அவர். விடுதலைக்குச் சில நாட்களே இருக்க, 1944ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள், லியோன் நகரை அடுத்த சேன்-ஜெனி-லவால் என்னுமிடத்தில் மற்றுமுள்ள கைதிகளோடு சுட்டுக்கொல்லப்பட்டார்.

இவற்றை எண்ணும்போது சிலப்பதிகாரத்து மாதரி நம் நினைவிற்கு வருகின்றாள். கவுந்தியடிகள் தந்த அடைக்கலத்தைத் தன் ஆயர்சேரியில் ஏற்ற அவ்விடைக்குல மகள், அடைக்கலம் இழந்தமை பொறாது எரியுள் வீழ்ந்தாள். ஏற்ற அடைக்கலத்திற்குத் தன்னுயிரை ஈடாக வைத்தல் இளங்கோவடிகளின் கற்பனை அளவில் நின்றதன்று. பாலும் ஆனிரையும் படைத்த மற்றொரு நிலத்தில், நம் முந்திய தலைமுறைகள் வாழ்ந்த காலத்திலேயே அது நிகழ்ந்துள்ளது.

ஆராய்ச்சி

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். நிலமே இச்செயலுக்குக் காரணம் என்பாரும் உளர். காடும் பனியும் சிதறிய வீடுகளும் மறைதற்கு உதவின என்பது மெய்யே. ஆயினும் அத்தகைய மலைநிலங்கள் ஐரோப்பாவிற் பலவுள. எல்லாம் அடைக்கலம் ஆகவில்லை. பழந்துன்பத்தின் நினைவே காரணம் என்பர் வேறு சிலர். துன்புற்றோர் அனைவரும் பிறர் துன்பத்திற்கு இரங்குவதில்லை. பட்ட துன்பத்தைப் பகையாக மாற்றிக்கொண்டோரும் சரித்திரத்திற் பலர். த்ரொக்மே என்னும் ஒருவரே காரணம் எனக் கூறின், அவர் சிறையிலும் தலைமறைவிலும் இருந்த மாதங்களிலும் பணி நில்லாது நடந்தமைக்கு விடையில்லை. மேலும் இது லெ ஷாம்போன் ஒன்றன் செயலுமன்று. மாசே-சேந்-வுவா, தான்ஸ், ஃபே, சேந்த் அக்ரேவ் முதலிய அண்டை ஊர்களும், சீர்திருத்த சபையாரும், தார்பி வழிச் சகோதர சபையாரும், கத்தோலிக்கரும், சமயப்பற்றில்லாத ஆசிரியரும் இதிற் பங்குகொண்டனர். கொல்லாமைக் கொள்கையை ஏற்காது, படைக்கலம் ஏந்திக் காடுகளிற் பொருத இளைஞரும் அம்மேட்டுநிலத்திலேயே இருந்தனர்.

நிலம் மறைவிடம் தந்தது. பழஞ்சரித்திரம் உணரும் நெஞ்சைத் தந்தது. கோடை விருந்தினர் வழக்கம் வெற்றறைகளைத் தந்தது. தலைவர் சொல்லைத் தந்தனர். வெளிச்சங்கங்கள் பொருளைத் தந்தன. இவையனைத்தும் கூடியபின்னும் ஒன்று எஞ்சி நிற்கின்றது. நள்ளிரவிற் கதவு தட்டப்படும்போது, எழுந்து சென்று திறக்கலாமா, கேளாததுபோற் படுத்திருக்கலாமா என்பதை உள்ளிருந்தவள் தானே தனித்துத் துணிய வேண்டியிருந்தது. அத்துணிவை நிலமும் தராது, சரித்திரமும் தராது.

காக்கப்பட்டோர் தொகை ஐயாயிரம் என்பது நெடுங்காலம் வழங்கிய கணக்கு. பிற்காலத்து ஆராய்ச்சியாளர் பலர் அதனைக் குறைத்து மதிப்பிடுவர். பதிவு வைத்தலே கேடாக முடியும் ஒரு செயலில் நுண்ணிய தொகை காண்டல் எளிதன்று. ஓருயிரும் தொகையிற் சிறிதன்று என்பதே அவ்வூரார் கணக்கு.

இம்மேட்டுநிலத்தின் பனலியே என்னும் சிறு குடியிருப்பில் 1942, 1943ஆம் ஆண்டுகளில் நுரையீரல் நோய்க்காக வந்து தங்கியவர் எழுத்தாளர் அல்பேர் காம்யு. கொள்ளைநோய் புகுந்த ஒரு நகரத்தைப் பற்றிய தம் நாவலின் ஒரு பகுதியை அவர் அங்கிருந்தே எழுதினார்; அது 1947ஆம் ஆண்டில் வெளிவந்தது.

முடிவுரை

போர் முடிந்தபின் இவ்வூரார் தம் செயலைப் பற்றிப் பேசவில்லை. வினவியோர்க்கு, வேறென்ன செய்திருக்கக் கூடும் என்பதே அவர்களின் விடையாயிருந்தது. எருசலேம் நகரத்து யாத் வாஷெம் நினைவாலயம் 1990ஆம் ஆண்டில் லெ ஷாம்போனையும் அண்டை ஊர்களையும் ஒருங்கே சிறப்பித்தது. தனி மனிதர்க்கன்றி ஊர்க்கே அத்தகைய சிறப்பு அளிக்கப்பெறுதல் மிக அரிது. ஆலயத்தின் அருகே 2013ஆம் ஆண்டில் ஒரு நினைவுக் காட்சிசாலை திறக்கப்பட்டது.

2020ஆம் ஆண்டிறுதியில் தொண்ணூறு வயது முதியவர் ஒருவர் பிரான்சில் இறந்தார். வியன்னா நகரிற் பிறந்து, யூதச் சிறுவனாகப் பெற்றோரோடு 1943ஆம் ஆண்டில் இவ்வூரிற் புகலடைந்தவர் அவர். தம் செல்வத்தின் பெரும்பகுதியை, ஏறத்தாழ இருபது இலட்சம் யூரோவை, இவ்வூர்க்கு எழுதிவைத்திருந்தார். இளைஞர் கல்விக்கு அது பயன்படவேண்டுமென்பது அவர் விருப்பம். எழுபத்தேழு ஆண்டுகளாக அவர் நெஞ்சில் அக்கதவு திறந்தே இருந்தது போலும்.

மோசே காலத்தில் இஸ்ரவேலர்க்கு ஆறு அடைக்கலப் பட்டணங்கள் குறிக்கப்பட்டன என்று வேதாகமத்திற் படிக்கின்றோம். அவற்றின் பெயர்களைத் தேர்விற்காக மனப்பாடஞ் செய்தோரும் நம்முள் உளர். ஏழாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுமாறு தோழர்களை வேண்டுகின்றோம், அஃது ஆற்று வளைவில் உள்ளது, பனிக்காற்று வீசுவது, அதன் கதவுகள் உள்ளிருந்து திறப்பன. நம் ஊர்களிலும் நம் விடுதிகளிலும் யார் கதவைத் தட்டி நிற்கின்றனர் என்பதைக் கேட்கும் செவி நமக்கு உண்டாகுமாக.